செல்லாத பாதி

மதியம் இரண்டு நாற்பத்தேழு.
டுலூத்தில் ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது, ஏப்ரலாகியும்.
நிலவறையில் பழைய பாய்லர் இருமிக்கொண்டிருக்க
வெண்டல் லெஹ்டினென் திரையில் பார்த்தான்:
முப்பத்தோரு டாலர் பங்கு
இரண்டு டாலருக்குக் கிடந்தது.

கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.
நடைபாதைப் பனியில் யாரோ தவறவிட்ட
ஒற்றைக் கையுறை போல.

எண்ணூறு வாங்கினான்.
விரல் நடுங்கியது; ஆனாலும் சரியாகத்தான் அடித்தது.
பதினோரு நொடி.
முங்கிய பங்கு மூச்சு வாங்க மேலே வந்தது.
இருபத்தொன்பதில் எண்ணூறையும் விற்றான்.

காகித ஆலை மூடியபின்
மூன்று வருடமாக இந்த நாற்காலியில்
நூறும் நூற்றைம்பதுமாகப் பொறுக்கியவன்.
இருபத்தோராயிரத்து அறுநூறு.
சத்தமாகச் சொல்லிப் பார்த்தான், சுவரிடம்.
பாய்லர்க்காரன் கோஷாக்குக்குப் போன் போட்டு
ஐந்நூறு முன்பணமும் அனுப்பிவிட்டான்.
புகைமீன் வாங்கினான். செர்ரி கேக் வாங்கினான்.
லோர்னா தூங்கி எழுந்து, நர்ஸ் உடுப்பில்
நின்றபடியே ஒரு துண்டு தின்று,
நிஜமாவா, நிஜமாவா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு
இரவுப் பணிக்குப் போனாள்.

ஏழு மணிக்கு மின்னஞ்சல்.
நீங்கள் வாங்கியது பிழையான வணிகம்; ரத்து.
இரண்டு டாலர் என்பது விலையே அல்ல என்று
எங்கோ ஓர் அறையில் தீர்மானித்திருந்தார்கள்.

சரி, போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தான்.
கையுறைக்காரன் வந்து கேட்டால் கொடுப்பதுதானே.

ஆனால் விற்றது?
இருபத்தொன்பது நியாயமான விலையாம்.
விற்றது செல்லும்.

மறுபடி படித்தான்.
வாங்கவே இல்லை, விற்றுவிட்டான்.
தாய் பிறக்கவே இல்லையாம்,
மகன் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டுமாம்.
தன்னிடம் ஒருபோதும் இருந்திராத எண்ணூறு பங்குக்கு
கடனாளியாகி
கேக் வெட்டிய கத்தியோடு நின்றான்.

தொலைபேசியில் டெல்ஃபினா என்றொரு பெண்.
பாவம், அவளுக்கும் எழுதிக் கொடுத்ததுதான்.
தவறாக அடித்த நிறுவனம் எது?
சொல்ல இயலாது, சார்.
அவர்கள் பணம் அவர்களுக்குத் திரும்பிவிட்டதா?
வேறு ஏதாவது உதவி வேண்டுமா, சார்?

மார்ச்சில், ஐம்பது என்பதற்கு
ஐந்நூறு என்று இதே விரல் அடித்தது.
அன்றும் இதே எண்ணுக்குத்தான் கூப்பிட்டான்.
நீங்கள்தானே அழுத்தினீர்கள் என்றார்கள்.

பெரிய விரல் வழுக்கினால் பிழை.
இவன் விரல் வழுக்கினால் வணிகம்.
அவர்கள் பிழைத்ததும் பிழையால்தான்;
இவன் பிழைப்புதான்
பிழையென்று அடித்துத் திருத்தப்பட்டது.

இரவெல்லாம் கணக்குப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

காலை எட்டுக்கு லோர்னா வந்தாள்,
பூட்ஸில் பனிச்சேறு.
சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.
ஏதோ நோயாளியின் காய்ச்சல் அட்டவணை; பின்பக்கம்
ட்ரிப் மாற்றுகிற இடைவெளிகளில் எழுதிய பட்டியல்.
பாய்லர்.
உன் கடைவாய்ப் பல்.
கரோலுக்குத் தர வேண்டிய எண்ணூறு.
பின்வாசல் படி.
அதற்குக் கீழே, வேறு மையில்,
உனக்கு முதுகு வலிக்காத நாற்காலி.

அந்த எண்ணூறை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
நல்லா இருக்கு என்றான்.
கீழே இறங்கினான்.

எட்டரைக்குச் சந்தை திறந்தது. முப்பத்தாறு.
எண்ணூறையும் வாங்கித் திருப்பினான்.
ஐயாயிரத்து அறுநூறு போயிற்று.
இந்த வணிகத்தில் யாரும் பிழை காணவில்லை.

மேலே கதவு தட்டும் சத்தம்.
கோஷாக், அளவு நாடாவோடு.
நல்ல இடம், தாராளமா வைக்கலாம் என்றபடி இறங்கி வந்து
இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க என்றான்.

வெண்டல் பிடித்துக்கொண்டான்.